இடம்பெயரும் நிரல்கள்: சி மொழியின் ஐம்பதாண்டுக் கதை

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து நிறுவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. 'கான்ஃபிகர்' என்ற கட்டளையைத் தட்டியதும் திரையில் கேள்விகளும் பதில்களும் வரிசையாக ஓடத் தொடங்கும். சி கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது. அது வேலை செய்கிறதா? செய்கிறது. ஒரு முழு எண்ணுக்கு எத்தனை பைட்? நான்கு. இன்ன தலைப்புக் கோப்பு உண்டா? உண்டு. இன்ன செயற்கூறு உண்டா? இல்லை. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நீளும் இந்த விசாரணையை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அது முடிவதற்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்து போவதே வழக்கம்.

இங்கே விசாரிக்கப்படுவது கணினி. விசாரிப்பது, அந்தக் கணினியை இதற்கு முன் கண்டிராத ஒரு நிரல். அந்நிய ஊருக்கு வந்து இறங்கியவன் தண்ணீர் எங்கே கிடைக்கும், என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதைப் போன்றது இது. இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு காலத்தில் ஒருவர் பட்ட அவஸ்தையின் மிச்சம். ஒரு கணினிக்காக எழுதிய நிரல் வேறு கணினியிலும், வேறு இயங்குதளத்திலும், வேறு கம்பைலரிலும் பழுதின்றி ஓடும் தன்மையைத் துறையினர் போர்ட்டபிலிட்டி என்பார்கள். இக்கட்டுரையில் அதை இடம்பெயர்திறன் என்று சொல்லிக்கொள்கிறேன். சி மொழியின் பெரும்புகழுக்குக் காரணமே இந்தத் திறன்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அது மொழியோடு கூடப் பிறந்த வரமல்ல. பலருடைய உழைப்பால் துண்டு துண்டாக ஈட்டப்பட்டது. அந்த உழைப்பின் சுமை எங்கே இறக்கி வைக்கப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு கணினிக்குப் பிறந்த மொழி

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பெல் ஆய்வகத்தின் மர்ரே ஹில் வளாகத்தில் பிறந்தது. கென் தாம்சன் அதை முதலில் பி.டி.பி-7 என்ற கணினியின் அசெம்பிளி மொழியில் எழுதினார். அசெம்பிளி மொழி என்பது அந்தந்தக் கணினிக்கே உரிய வட்டார வழக்கு. வேறொரு கணினிக்கு அது புரியாது. பி.டி.பி-7 ஒரு சொல்லுக்கு 18 பிட் கொண்ட இயந்திரம். அடுத்து வந்த பி.டி.பி-11 ஒரு சொல்லுக்கு 16 பிட் கொண்டது; எட்டு பிட் பைட்டுகளாக நினைவகத்தை எண்ணியது. புதிய கணினிக்கு மாறியபோது எல்லாவற்றையும் மறுபடி எழுத நேர்ந்தது.

தாம்சன் உருவாக்கிய 'பி' என்ற மொழி பைட்டுகளைக் கையாள வசதியற்றிருந்தது. அதை டென்னிஸ் ரிட்ச்சி படிப்படியாக மாற்றிச் 'சி' மொழியாக வளர்த்தார். 1973-இல் யூனிக்ஸின் மையப் பகுதியான கர்னல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அன்று இது துணிச்சலான காரியம். இயங்குதளம் என்றால் அசெம்பிளியில்தான் எழுதப்பட வேண்டும் என்பதே அக்காலத்தின் பொது நம்பிக்கை.

ஆனால் அந்த நாளில் இடம்பெயர்வது யாருடைய நோக்கமாகவும் இருக்கவில்லை. சி மொழியின் உடலெங்கும் பி.டி.பி-11-இன் சாயல் படிந்திருந்தது. அதில் ஒரு முழு எண்ணும் 16 பிட், நினைவக முகவரியைத் தாங்கும் சுட்டியும் 16 பிட். எனவே இரண்டையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தினாலும் நிரல் ஓடியது. கம்பைலரும் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஊரில் வாழ்பவனுக்குத் தன் பேச்சில் வட்டார வழக்கு இருப்பது தெரியாது.

பெல் ஆய்வகத்தில் வேறு கணினிகளும் இருந்தன. ஹனிவெல் 6000 வகையில் ஒரு சொல்லுக்கு 36 பிட், ஓர் எழுத்துக்கு ஒன்பது பிட். ஐ.பி.எம். 370-இல் எழுத்துகளுக்கான எண் வரிசையே வேறு. ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் அதில் இடைவெளிவிட்டு அமர்ந்திருக்கும். இவற்றுக்கும் சி கம்பைலர்கள் எழுதப்பட்டன. அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது: மொழி இடம்பெயர்ந்தால் போதாது. கோப்பைத் திறப்பது, எழுதுவது, திரையில் காட்டுவது என்று ஒரு நிரல் தன்னைச் சுற்றியுள்ள இயங்குதளத்திடம் ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விகள் ஊருக்கு ஊர் வேறு. மைக் லெஸ்க் இதற்கென ஒரு பொதுவான உள்ளீட்டு-வெளியீட்டுத் தொகுப்பை எழுதினார். சி மாணவர்கள் முதல் பாடத்தில் சேர்த்துக்கொள்ளும் 'ஸ்டாண்டர்டு ஐ.ஓ.' நூலகத்தின் மூதாதை அதுவே.

மாறிப் போன எழுத்துகள்

ஒரு நிரலை வேறோர் இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்றுவதற்குள் உயிர் போகிறது. அதைவிட, இயங்குதளத்தையே புதிய கணினிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன? ரிட்ச்சியும் அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சனும் வந்தடைந்த முடிவு இது. குடியேறும் ஊரைத் திருத்துவதைவிடத் தன் ஊரையே பெயர்த்துக்கொண்டு போவது எளிது என்பது போலத் தலைகீழாகத் தோன்றும் யோசனை. 1977-இல் அவர்கள் இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் கணினியை இதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். பி.டி.பி-11-இலிருந்து போதிய அளவு மாறுபட்டிருந்ததே அதன் தகுதி.

அதே ஆண்டில், இவர்களைச் சாராமல், ஆஸ்திரேலியாவின் வுல்லன்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டர்டேட்டா 7/32 கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டு சென்றார். உலகின் இரு மூலைகளில் ஒரே சமயத்தில் ஒரே வேலை நடந்திருக்கிறது.

இந்தக் காலத்தைச் சுற்றி உலவும் கதை ஒன்று உண்டு. பி.டி.பி-11 இரண்டு பைட் கொண்ட ஒரு சொல்லில் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். இன்டர்டேட்டா போன்ற கணினிகள் பெரிய மதிப்புள்ளதை முதலில் வைக்கும். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் சொற்களாகப் படித்தால் பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறிவிடும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் எழுதப்படும் 'யூனிக்ஸ்' என்ற சொல் புதிய கணினியின் திரையில் 'நுக்சி' என்று வந்து நின்றதாம். இன்றும் பைட் வரிசைக் குழப்பத்துக்கு நுக்சிச் சிக்கல் என்றொரு பெயர் வழங்குகிறது.

இந்த இரு மரபுகளுக்கும் பெயர் வைத்தவர் டேனி கோஹன். 1980 ஏப்ரல் முதல் தேதியிட்ட ஒரு கட்டுரையில் அவர் ஜொனாதன் ஸ்விஃப்டின் கலிவர் பயணங்களிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டார். லில்லிபுட் தேசத்தில் முட்டையைச் சிறுமுனையில் உடைப்பதா பெருமுனையில் உடைப்பதா என்று போர் நடக்கும். கணினிகளும் அவ்வாறே சிறுமுனையர், பெருமுனையர் என்று பிரிந்தன. 1726-இல் மதச் சண்டைகளைக் கேலி செய்ய ஸ்விஃப்ட் புனைந்த சொற்கள், பொறியியல் கையேடுகளில் சிரிப்பின்றி இடம்பெற்றிருக்கின்றன. இரண்டில் எதுவும் தவறில்லை. ஆனால் இரண்டும் இருப்பதை மறந்தவன் நிரல் உடையும்.

இன்டர்டேட்டா அனுபவம் மொழியையே மாற்றியது. குறியற்ற எண்கள், ஒரே இடத்தைப் பல வகையாகப் பார்க்கும் யூனியன், ஒரு வகையை வெளிப்படையாக மற்றொன்றாக மாற்றும் குறியீடு ஆகியவை இக்காலத்தை ஒட்டி வந்தவை. சுட்டியையும் முழு எண்ணையும் ஒன்றாகப் பாவித்த பழைய பழக்கம் புதிய கணினிகளில் உதைத்தது. புதிய கணினிகளுக்கு எளிதில் திருத்தியமைக்கத்தக்க ஒரு கம்பைலரை ஜான்சன் எழுதினார். அதிலிருந்தே 'லின்ட்' என்ற கருவியையும் உருவாக்கினார். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் நூல்துகளைக் குறிக்கும் அந்தப் பெயருக்கேற்ப, ஓடுவது போலத் தோன்றும் நிரலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சந்தேகத்துக்குரிய இடங்களை அது பொறுக்கிக் காட்டியது. 1978-இல் ஜான்சனும் ரிட்ச்சியும் இந்த அனுபவத்தைப் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் கட்டுரையாக எழுதினார்கள். அதே ஆண்டு கெர்னிஹனும் ரிட்ச்சியும் எழுதிய சி மொழி நூலும் வெளிவந்தது. நான்கு கணினிகளில் முழு எண், எழுத்து முதலியவற்றின் அளவுகளை ஒப்பிடும் சிறிய அட்டவணை ஒன்று அந்நூலில் உண்டு. சி மொழி தன் வட்டாரத்துக்கு வெளியே உலகம் இருப்பதை ஒப்புக்கொண்ட இடம் அது.

எழுதாமல் விட்ட இடங்கள்

1980-களில் யூனிக்ஸ் பல கிளைகளாகப் பிரிந்தது. ஏ.டி.&டி. நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் ஒருபுறம், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. மறுபுறம். ஒரு சரத்துக்குள் ஓர் எழுத்தைத் தேடும் அதே செயற்கூற்றுக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு பெயர். பெர்க்லிக் கிளை செழித்தது டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினியில். அதில் நினைவகத்தின் பூஜ்ஜியமாவது முகவரியில் பூஜ்ஜியம் இருந்தது. எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைத் தவறுதலாகப் படித்தாலும் வெற்றுச் சரம் கிடைக்கும், நிரல் ஓடும். வேறு கணினிக்குப் போனதும் அதே நிரல் அங்கேயே விழுந்து உயிரைவிடும். உலகம் முழுவதும் வாக்ஸ்தான் என்று எண்ணும் நோய் என்று அக்கால நிரலாளர்கள் இதைக் கிண்டல் செய்தார்கள்.

1983-இல் அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்காக ஒரு குழுவை அமைத்தது. ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1989 டிசம்பரில் தரம் ஏற்கப்பட்டது. 1990-இல் அது சர்வதேசத் தரமாயிற்று. சி-யில் எழுதியதெல்லாம் எங்கும் ஓடும் என்று குழு வாக்களிக்கவில்லை. எங்கும் ஓடும் நிரலை எழுத முனைபவருக்கு ஒரு நியாயமான வாய்ப்பைத் தருவதே அதன் நோக்கம். ஒரே கணினிக்கென எழுதுபவரையும் அது தடுக்கவில்லை.

சமரசங்களைப் பார்த்தால் அக்கால உலகம் தெரியும். தனித்தனிக் கோப்புகளை இணைக்கும் பழைய லிங்கர் நிரல்கள் சில, நீண்ட பெயர்களை வெட்டிவிடும். ஆகவே கோப்புகளுக்கிடையே பகிரப்படும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே நம்பலாம், அவற்றிலும் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை நம்ப வேண்டாம் என்று தரம் எழுதியது. சரங்களை நகலெடுக்கும், ஒப்பிடும், இணைக்கும் செயற்கூறுகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்குள் ஒடுங்கி நிற்பதை நிரல் எழுதுவோர் கவனித்திருக்கலாம். அந்தச் சுருக்கம் அழகுக்காக வந்ததல்ல.

தரத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு அதன் மௌனம்தான். மூன்று வகையான மௌனங்களை அது வகுத்தது. முதலாவது, கம்பைலர் எழுதுபவர் தாமே முடிவு செய்து அதை ஆவணத்தில் சொல்லிவிட வேண்டியவை. இரண்டாவது, முடிவு செய்யலாம், சொல்லத் தேவையில்லை என்பவை. மூன்றாவது, நிரலாளர் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று தரம் எதையும் வரையறுக்காதவை.

முதல் வகைக்கு ஓர் உதாரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. எழுத்துக்கான அடிப்படை வகை குறியுள்ளதா குறியற்றதா என்பதைத் தரம் கம்பைலரிடம் விட்டுவிட்டது. பி.டி.பி-11-இல் அது குறியுள்ளது. அந்தக் கணினியின் கட்டளை அமைப்பு அப்படி. இன்டெல் வகைக் கணினிகளின் வழக்கமும் அதுவே. ஆர்ம் வகை லினக்ஸ் கணினிகளில் குறியற்றது. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. தமிழ் எழுத்தான 'அ' யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட்டின் மதிப்பு 224. குறியுள்ளதாகப் படித்தால் அதே பைட் கழித்தல் 32 ஆகிவிடும். அந்த எண்ணை வைத்து ஓர் அட்டவணையில் இடம் தேடும் நிரல், அட்டவணையின் தொடக்கத்துக்கு முன்னால் போய் எதையோ படிக்கும். கணினியில் தமிழ் உடைந்து போனதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. எழுதியவருக்குத் தமிழ் மேல் பகை இல்லை; 127-க்கு மேல் எழுத்து உண்டு என்பது அவர் நினைவில் இல்லை.

மூன்றாவது மௌனம் பிற்காலத்தில் வேறு பொருள் கொண்டது. கணினிகள் பலவிதமாக இருந்ததால் விடப்பட்ட இடைவெளியைப் புதிய கம்பைலர்கள் வேகத்துக்கான உரிமமாக வாசித்தன. 2009-இல் லினக்ஸ் கர்னலின் ஒரு பகுதியில், ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெற்றுச் சுட்டியா என்று பிறகு சோதித்திருந்தார்கள். வெற்றுச் சுட்டியைப் பயன்படுத்துவது வரையறுக்கப்படாத செயல். எனவே இது வெற்றாக இருக்க முடியாது. எனவே சோதனை வீண் என்று கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. பாதுகாப்பு ஓட்டை திறந்துகொண்டது. வாக்ஸ் காலத்தின் வெற்றுச் சுட்டி இன்னொரு வேடத்தில் திரும்பி வந்திருந்தது.

மொழிக்குத் தரம் வந்ததுபோல இயங்குதளத்துக்கும் 1988-இல் ஒரு தரம் வந்தது. அதற்குப் போசிக்ஸ் என்ற பெயரைப் பரிந்துரைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். இவ்விரண்டு தாள்களோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தரம் வந்த மறுநாள் பழைய கணினிகள் மறைந்துவிடுவதில்லை.

விசாரிக்கும் நிரல்

வேறுபாடுகளைச் சமாளிக்கச் சி-யில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. இது வாக்ஸ் என்றால் இந்த வரி, சன் என்றால் அந்த வரி என்று நிரலுக்குள்ளேயே நிபந்தனை எழுதலாம். அந்தக் கட்டளையை 'இஃப்டெஃப்' என்பார்கள். ஒவ்வொரு புதிய கணினிக்கும் ஒரு கிளை. சில ஆண்டுகளில் எந்த வரி எந்தக் கணினியில் உயிர்பெறும் என்பது எழுதியவருக்கே தெரியாமல் போய்விடும்.

லாரி வால் வேறு வழி கண்டார். 1984-இல் அவர் வெளியிட்ட யூஸ்நெட் செய்தி வாசிப்பான் நிரலோடு 'கான்ஃபிகர்' என்ற ஷெல் நிரல் வந்தது. நிறுவுபவரிடமும் கணினியிடமும் கேள்விகள் கேட்டுத் தனக்கு வேண்டிய விவரங்களை அதுவே அறிந்துகொள்ளும். பின்னாளில் 1987-இல் அவர் எழுதிய பெர்ல் மொழிக்கும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. யூனிஸ் என்ற, யூனிக்ஸைப் போலப் பாவனை செய்யும் அமைப்பில் நீங்கள் இல்லை என்று கண்டுபிடித்தால் அதற்காக வாழ்த்துச் சொல்லும் குறும்பும் அதில் உண்டு.

1991-இல் டேவிட் மெக்கென்ஸி, ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காகப் பல சிறு கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தார். நிறுவுபவர் தம் கணினிக்கேற்பக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய தெரிவுகள் இருபது அளவுக்குப் பெருகிவிட்டன. ஒவ்வொரு வெளியீட்டையும் பல கணினிகளில் சோதிக்கும் சுமை அவர் தலையில். அலுத்துப்போய், சரியான தெரிவுகளை ஊகிக்க ஒரு சிறு ஷெல் நிரலை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததே ஆட்டோகான்ஃப். விசாரணை நிரலை மனிதர் எழுத வேண்டாம். எம்4 என்ற மொழியில் சில வரிகள் எழுதினால் விசாரணை நிரல் தானாக விளையும். எம்4 மொழியும் கெர்னிஹனும் ரிட்ச்சியும் 1977-இல் ஆக்கியது. இன்டர்டேட்டாவின் அதே ஆண்டு.

இந்த முறைக்குள் ஓர் உயர்ந்த சிந்தனை இருந்தது. நீ யார் என்று கணினியைக் கேட்காதே. உன்னால் என்ன முடியும் என்று கேள். பெயரை நம்பினால் நாளை வரும் புதிய கணினிக்குப் பெயர் தெரியாது. திறனைச் சோதித்தால் பெயர் தெரியாத கணினியிலும் நிரல் ஓடும். சோதிக்கும் விதமும் எளியது: ஒரு துளி நிரலை எழுதி அதைக் கம்பைலரிடம் கொடுப்பது; ஏற்றுக்கொண்டால் 'உண்டு', மறுத்தால் 'இல்லை'.

விசாரணை நிரல் எந்தப் பழைய யூனிக்ஸிலும் ஓட வேண்டும் என்பதால் ஷெல்லின் ஆகக் குறைந்த வசதிகளைக் கொண்டே அது விளைவிக்கப்பட்டது. ஷெல்லுக்குள் செயற்கூறுகளை வரையறுப்பதைக்கூடப் பல ஆண்டுகள் தவிர்த்தார்கள். விளைவு, ஒரே செய்தி மீண்டும் மீண்டும் விரித்து எழுதப்பட்டு ஆயிரக்கணக்கான வரிகளாகப் பெருகியது. மனிதர் எழுதாதது, எனவே மனிதர் படிக்காதது. நிரலின் பொதுக் களஞ்சியத்தில் இது பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. வெளியிடும்போது மட்டும் பொதியில் சேர்க்கப்படும். இந்தச் சிறு வழக்கத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்திலேயே மாற்றுக் கருத்தும் எழுந்தது. ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் சி நியூஸ் என்ற மென்பொருளைப் பல கணினிகளுக்குக் கொண்டு சென்ற அனுபவத்தில் 1992-இல் ஒரு கட்டுரை படித்தார்கள். இஃப்டெஃப் நிறைந்த நிரல் திட்டமிடாமையின் அடையாளம் என்பது அவர்கள் வாதம். நல்ல ஒரு கணினி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு அதற்காக எழுதுங்கள். அந்தத் திறன் இல்லாத கணினிக்கு, இல்லாததை மட்டும் ஒரு தனிக் கோப்பில் எழுதிக் கொடுங்கள். வேறுபாடுகள் எல்லைச்சுவரில் நிற்கட்டும், வீட்டுக்குள் வரவேண்டாம். பலரும் கேட்டுத் தலையாட்டினார்கள். ஆனால் இதற்குச் சிந்தனை தேவைப்பட்டது. ஆட்டோகான்ஃபுக்கு நகலெடுப்பது போதுமாக இருந்தது.

இறந்தவர்களுக்குப் படையல்

காலப்போக்கில் அந்தக் கணினிகள் மறைந்தன. கேள்விகள் மறையவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பூல்-ஹென்னிங் காம்ப் 2012-இல் எழுதிய ஒரு கட்டுரையில் லிப்டூல் என்ற கருவியின் விசாரணை நிரலை எண்ணிப் பார்த்தார். 31,085 வரிகள். 1989-இன் தரத்திலேயே கட்டாயமாக்கப்பட்ட ஒரு தலைப்புக் கோப்பு இருக்கிறதா என்று அது அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அது இல்லாத பழைய யூனிக்ஸ் கணினிகளில் இந்தக் கருவியை ஓட்ட நினைவகமும் இருந்திருக்காது, அதன் மூல நிரலை வைக்க வட்டில் இடமும் இருந்திருக்காது என்று அவர் சுட்டிக்காட்டினார்.

வேடிக்கையாகத் தோன்றும் இதற்கு விலை உண்டு. 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளியானது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த நூலகம் அது. பிழைக்கு நேரடிக் காரணம் ஓர் அளவைச் சரிபார்க்காமல் விட்டது. ஆனால் உள்ளே பார்த்த ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் வேறொன்றையும் கண்டார்கள். சில இயங்குதளங்களில் நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு மெதுவாக இருக்கிறது என்று, அந்த நூலகம் தனக்கென்று ஒரு நினைவகச் சேமிப்பை வைத்துக்கொண்டிருந்தது. அதனால் நல்ல இயங்குதளங்கள் இத்தகைய பிழைகளைப் பிடிக்க வைத்திருந்த காவல் பயனற்றுப்போனது. மெதுவான ஒருவனுக்காகச் செய்த ஏற்பாடு எல்லோருடைய கதவையும் திறந்து வைத்தது. அவர்கள் அந்த நூலகத்தைப் பிரித்தெடுத்து லிப்ரே எஸ்.எஸ்.எல். என்று பெயரிட்டு, முதல் வாரத்திலேயே 90,000 வரிக்கு மேல் நீக்கினார்கள். பழைய மேக், ஓ.எஸ்.2, 16 பிட் விண்டோஸ் போன்றவற்றுக்கான ஏற்பாடுகளும் நீக்கப்பட்டன. பிற இயங்குதளங்களுக்கானதைத் தனி அடுக்காக வெளியே வைத்தார்கள். 1992-இல் ஸ்பென்சரும் காலியரும் சொன்னது இதைத்தான்.

2024-இல் நடந்தது இன்னும் கடுமையானது. எக்ஸ்.இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். நீண்ட காலம் தனி ஒருவராகச் சம்பளமின்றி அதைப் பராமரித்து வந்தவர் களைத்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சில ஆண்டுகள் உதவி செய்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். அந்தப் பெயருக்குப் பின்னிருப்பவர் யார் என்பது வெளிப்படவில்லை. 2024-இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ஒரு பின்கதவு இருந்தது. தீய நிரலின் உடல், சோதனைக்கான கோப்புகள் என்ற போர்வையில் பொதுக் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதை எழுப்பும் வரிகளோ களஞ்சியத்தில் இல்லை. வெளியிடப்பட்ட பொதியில் இருந்த ஓர் எம்4 கோப்பில் மட்டும் இருந்தன. விசாரணை நடக்கும்போது அந்த வரிகளும் ஓடும். இது இன்டெல் வகை 64 பிட் லினக்ஸ்தானா, டெபியன் அல்லது ரெட்ஹாட் முறையில் பொதி கட்டப்படுகிறதா என்று அவையும் கேட்கும். ஆம் என்றால் தீய நிரல் நூலகத்துக்குள் சேர்ந்துவிடும். அங்கிருந்து, சில லினக்ஸ் வழங்கல்கள் தாமாகச் செய்த இணைப்பின் வழியாக, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையைச் சென்றடையும்.

அதே கைகள் செய்த இன்னொரு காரியம் என்னை அதிகம் கலங்கடித்தது. லினக்ஸில் ஒரு நிரலின் கைகளைக் கட்டி வைக்கும் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி உண்டு. அந்த வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் துளி நிரலில் ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு புள்ளி. அதனால் கம்பைலர் அந்தத் துளி நிரலை எந்தக் கணினியிலும் ஏற்காது. விடை எப்போதும் 'இல்லை'. இல்லை என்றால் பாதுகாப்பு இல்லாமலே நிரல் கட்டப்படும். முப்பதாண்டுகளாகத் திரையில் ஓடிய ஆயிரமாயிரம் 'இல்லை'களுக்கு நடுவே இந்த ஒன்றை யார் பார்ப்பார்கள்?

தப்பித்தது தற்செயல். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தம் வேலைக்காக வேக அளவீடுகள் செய்துகொண்டிருந்தபோது, எஸ்.எஸ்.எச். நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். விடாமல் துருவி, 2024 மார்ச் 29-ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார். அந்த வெளியீடுகள் பெரிய வழங்கல்களின் நிலையான பதிப்புகளைச் சென்றடையும் முன்பே தடுக்கப்பட்டன.

இதற்கு ஆட்டோகான்ஃபைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. களைத்த ஒருவரின் தோளில் உலகம் சாய்ந்திருந்ததே முதற்காரணம். ஆனால் ஒளிந்துகொள்ள அந்தக் கைகள் தேர்ந்தெடுத்த இடம் தற்செயலானதல்ல. ரிட்ச்சியும் ஜான்சனும் கணினிகளின் வேறுபாட்டை மொழிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். படிப்பவர் கண்ணில் அது படும். தரக்குழு அதைத் தாளில் எழுதியது, தேடுபவருக்குக் கிடைக்கும். மெக்கென்ஸியின் காலத்தில் அது யாரும் படிக்காத ஒரு நிரலுக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் இறக்கி வைத்த சுமை உண்மையானது, இறக்கியதும் நன்மைக்கே. இறக்கி வைத்த இடத்தை அதன்பின் நாம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சி மொழியும் மெல்லப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் வெளியான புதிய தரம், எதிர்மறை எண்களைக் குறிக்கும் மூன்று முறைகளில் இரண்டைக் கைவிட்டது. அவற்றைப் பயன்படுத்திய கணினிகளுக்கான சலுகை முடிந்தது. சில நிறுத்தக்குறிகள் இல்லாத பழைய விசைப்பலகைகளுக்காக 1989-இல் சேர்த்த மூன்றெழுத்துக் குறியீடுகளையும் நீக்கிவிட்டது. ஒரு மொழி ஐம்பதாண்டுகளுக்குப் பிறகு தன் கேள்விகளில் சிலவற்றை இனிக் கேட்க வேண்டியதில்லை என்று தீர்மானித்திருக்கிறது. வாழும் கணினிகளுக்கு இடம் கொடுப்பதைப் போல, இறந்தவற்றுக்கு விடைகொடுப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

அடுத்த முறை கான்ஃபிகர் ஓடும்போது காப்பிக்கு எழுந்து போகாமல் சில வரிகளையாவது படித்துப் பாருங்கள். ஒன்பது பிட் எழுத்து கொண்ட ஹனிவெல்லும், பெருமுனையில் முட்டை உடைத்த இன்டர்டேட்டாவும், பூஜ்ஜியத்தில் பூஜ்ஜியம் வைத்திருந்த வாக்ஸும் அந்தக் கேள்விகளில் தங்கள் சுவடுகளை விட்டுச் சென்றிருக்கின்றன. 'இல்லை' என்று ஒரு பதில் வந்தால், ஏன் இல்லை என்றும் ஒரு கணம் யோசியுங்கள்.